தண்ணீர்க்காரரின் வெண்கலப் பதக்கம்

அவரை எல்லோரும் மேஜர் என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டாளத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். பள்ளியில் அணிவகுப்பு என்றதும் தட்டைப் பாதத்தைச் சாக்கு வைத்து மரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுவார். தெருவில் சைக்கிள் டயர் வெடித்தால்கூட இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்கிற ஆள். பிழைப்பு மூக்குக்கண்ணாடிக் கடையில். நீளமான, குறுகலான கடை. வாசலில் இரண்டு கண்ணாடி அலமாரிகள், நடுவில் கண் பரிசோதனை நாற்காலி, கோடியில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம். முப்பத்தோரு வருடமாக அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, அடுத்தவர் பார்வைக்கு விளிம்பு தேய்த்துக்கொண்டிருந்தார்.

மேஜர் பட்டத்தைக் கொடுத்தது அவருடைய மைத்துனன். அவன் பழைய சாமான் வியாபாரி. பூட்டு, ரேடியோ, கடிகார முள், கால் உடைந்த நாற்காலி என்று எதையும் விடமாட்டான். வெள்ளைக்காரன் காலத்துப் போர்ப் பதக்கம் ஏதாவது கண்ணில் பட்டால் முதலில் அக்கா வீட்டுக்கு ஆள் அனுப்புவான். "மேஜருக்குச் சம்பளம் வந்திருக்குன்னு சொல்லு" என்பான். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மனைவி மட்டும் அப்படிக் கூப்பிடமாட்டாள். அவள் திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருந்தாள். வீட்டில் ஒரு மேஜரை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்த முடியாது என்பது அவள் கட்சி.

இந்தப் பைத்தியம் தொடங்கியது ஒரு கண்ணாடிக் கூட்டிலிருந்து. கல்யாணமான புதிதில், வயதான பெண் ஒருவர் தன் கணவருடைய பழைய கண்ணாடியைக் கூட்டோடு கொண்டுவந்து கொடுத்து, கீல் மாற்றித் தரச் சொன்னார். திரும்ப வாங்க வரவேயில்லை. இரண்டு மாதம் கழித்து முகவரி தேடிப் போனால் வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பமே கப்பலேறிப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இன்னொரு வருடம் காத்திருந்துவிட்டுக் கூட்டைத் துடைத்து வைக்கப் போனபோது, உள்ளே ஒட்டியிருந்த துணிக்கு அடியில் வட்டமாக ஏதோ தட்டுப்பட்டது. வெள்ளிப் பதக்கம். முன்பக்கம் கிரீடம் வைத்த ஒரு தலை, பின்பக்கம் கோட்டையும் ஒட்டகமும். அதெல்லாம் அவரை ஒன்றும் செய்யவில்லை. பழக்கதோஷத்தில் லென்ஸைப் பார்ப்பதுபோல விளிம்பை வெளிச்சத்தில் திருப்பினார். விளிம்பில், மயிரிழை ஆழத்தில், ஓர் இலக்கம், ஒரு பதவி, ஒரு பெயர், ஒரு படைப்பிரிவு.

முகப்பில் எல்லாப் பதக்கத்திலும் ஒரே தலைதான். விளிம்பில்தான் ஆளுக்கு ஆள் மாறும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு போருக்கும் ஒரு பதக்கம் அடித்து, அதில் கலந்துகொண்ட ஒவ்வொருவன் பெயரையும் விளிம்பில் பொறித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டார். அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. செத்து நூறு வருடமான ஒருவன் தன் பெயரை இவர் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போனதுபோல இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது பக்கத்தில் இன்னொருவர் காலடி கேட்டதாகவும், நின்றால் அதுவும் நின்றதாகவும் மனைவியிடம் சொன்னார். தெருநாயாக இருக்கும் என்று அவள் சொன்னாள்.

முப்பது வருடத்தில் பதினான்கு பதக்கம் சேர்ந்தது. கண்ணாடிச் சட்டங்களை அடுக்கிக் காட்டும் வெல்வெட் தட்டு ஒன்றில் அவை பீரோவில் துணிகளுக்கு அடியில் தூங்கின. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டு வெளியே வரும். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுப்பார். துடைக்கமாட்டார். பதக்கம் சேர்க்கிறவன் செய்யக்கூடாத பாவம் அதைப் பளபளப்பாக்குவது. கறுப்பு படிந்தால் படிந்தபடியே இருக்க வேண்டும். கையில் வைத்துக்கொண்டு பார்வையை எங்கேயோ விட்டுவிடுவார். மணல்மேட்டில் வரிசையாகப் போகிற ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் எழும்பி அந்தரத்தில் நிற்கிற தூசி, ஒருவன் பூட்ஸைக் கழற்றிக் கல் தட்டுவது, இன்னொருவன் அனுப்பாத கடிதத்தைச் சட்டைப் பைக்குள் தடவிப் பார்ப்பது. எல்லாம் சத்தமில்லாமல் நடக்கும். ஒரு குண்டும் வெடிக்காது. அவருடைய கனவில் போருக்குப் போனவர்கள் யாருமே போர் செய்ததில்லை, நடந்துகொண்டே இருந்தார்கள். நைந்துபோன ரிப்பன்களுக்கு அதே நிறக் கோடுகளில் துணி தேடிப்பிடித்துத் தைத்துக் கொடுப்பது மனைவிதான். "எத்தனை பேருக்குப் புதுத்துணி தைக்கிறது, ஒருத்தனும் அளவு கொடுக்க வரமாட்டேங்குறான்" என்பாள்.

ஒரே ஒரு குறை அவருக்கு. பதினான்கும் வெள்ளி. துப்பாக்கி தூக்கியவர்களுக்கு வெள்ளி கொடுத்தார்கள். அவர்களோடு கூடவே மலை ஏறிய சமையல்காரர், கோவேறு கழுதை ஓட்டியவர், காயம்பட்டவர்களைத் தூளியில் தூக்கியவர், தோல் பையில் தண்ணீர் சுமந்தவர், இவர்களுக்கு அதே பதக்கம், அதே தலை, அதே அச்சு, ஆனால் வெண்கலத்தில். வாங்கியவர்கள் அதை நெஞ்சில் குத்திக்கொண்டு எங்கே போவார்கள்? உருகிப் பாத்திரமானது, விளையாட்டுச் சாமானானது, தொலைந்தது. அதனால் இன்றைக்கு வெள்ளியைவிட வெண்கலம்தான் அரிது. படத்தில் பார்த்ததோடு சரி, பதினோரு வருடமாகத் தேடியும் ஒரு வெண்கலத்தை அவர் கையால் தொட்டதில்லை. கிடைக்கவே கிடைக்காது என்று மைத்துனன்கூடக் கையை விரித்துவிட்டான்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை டிரைவரம்மா கடைக்குள் வந்தார்.

ஐம்பது வயதிருக்கும். ஆற்றுப் பாலம் வழியாகப் போகும் நகரப் பேருந்தை ஓட்டுகிறவர். தூரத்துப் பார்வை பருந்துமாதிரி. கிட்டப் பார்வைதான் சில மாதமாகக் காலை வாருகிறதாம். நேரச்சீட்டைப் படிக்கக் கையை நீட்டி நீட்டி, இனி நீட்டுவதற்குக் கை போதவில்லை என்று சொல்லிச் சிரித்தார். நாற்காலியில் உட்கார்ந்து சாவிக்கொத்தைப் பக்கத்து மேஜையில் போட்டார். டங் என்று ஒரு சத்தம். சாவியில்லை, வேறு ஏதோ. மேஜர் திரும்பிப் பார்த்தார்.

சாவி வளையத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு வட்ட வில்லை. மேலே துளை போட்டு மாட்டியிருந்தது. தேய்ந்த கிரீடம், தேய்ந்த மூக்கு. அவருக்குக் கை நமநமத்தது. சோதனை லென்ஸை டிரைவரம்மாவின் இடது கண்ணுக்குப் பதிலாக நெற்றியில் வைத்தார். "எழுத்து தெரியுதாம்மா?" என்று கேட்டவருக்கு, தனக்கே எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துப் பலகை தெரியவில்லை. அளவெடுத்து முடிவதற்குள் இரண்டு தடவை வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

லென்ஸ் வர ஆறு நாள் ஆகும் என்று சொன்னார். பிறகு, போகிறபோக்கில் கேட்பதுபோல, அந்த வில்லை எங்கே கிடைத்தது என்று விசாரித்தார். அப்பாவின் லாரிச் சாவியில் இருந்ததாம். அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரியாதாம். டிப்போவில் எந்த வண்டி கொடுத்தாலும் அந்தச் சாவியை டிரைவரம்மா இந்த வளையத்தில்தான் மாட்டிக்கொள்வாராம்.

"அழுக்கா இருக்கேம்மா. லென்ஸ் வர்ற வரைக்கும் விட்டுட்டுப் போங்க, சுத்தம் பண்ணித் தர்றேன்" என்றார் மேஜர்.

சொன்ன வாய்க்கே கூசியது. முப்பது வருடத்தில் எந்தப் பதக்கத்தைப் பற்றியும் அவர் சொல்லாத வார்த்தை அது. டிரைவரம்மா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, கண் கொடுக்கப்போகிற மனிதரை நம்பாமல் யாரை நம்புவது என்று வளையத்திலிருந்து வில்லையைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். அது உடம்புச் சூட்டோடு இருந்தது.

அன்றிலிருந்து நாலு நாளும் மேஜர் தரையில் நடந்ததாகத் தெரியவில்லை. தினமும் நாலு மணிக்கு மேற்கு வெயில் கடையின் பின் ஜன்னல் வழியாகச் சாய்ந்து, தேய்க்கும் இயந்திரத்தின்மேல் ஒரு கோடு போடும். அந்தக் கோட்டில் விளிம்பைப் பிடித்துக் கைக்கண்ணாடியால் பார்ப்பார். மெல்லிய காகிதத்தைச் சுற்றிப் பென்சிலைப் படுக்கவைத்துத் தடவுவார். முதல் நாள் ஒன்று, ஒன்று, இரண்டு என்று மூன்று எண்கள் எழும்பின. இரண்டாம் நாள் ஒரு நீளமான சொல். மூன்றாம் நாள் அது முழுதாகப் படிந்தது: தண்ணீர் சுமப்பவர். நான்காம் நாள் விளிம்பின் கோடியிலிருந்து மலைப் பீரங்கிப் படை என்பது வந்தது. மேஜர் அப்படியே பிரமை பிடித்து உட்கார்ந்துவிட்டார். வீட்டுத் தட்டில் இருக்கும் ஒன்பதாவது பதக்கம் அதே பீரங்கிப் படையைச் சேர்ந்த ஒருவனுடையது. அதே போருக்கான பதக்கம், அதே மலை. அதே வருடம்.

அன்று கடை மூடும்வரை அவர் கண்ணுக்குள் ஒரு சாம்பல் நிற மலைப்பாதை. பீரங்கியைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கழுதைகள் சுமந்து போகின்றன. வரிசையின் கடைசியில், முதுகில் தோல் பையோடு குனிந்து ஒருவர். பையின் மூலையிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பாதையில் விழுகிற நீர். ஒன்பதாம் பதக்கத்துக்காரன் கையைக் குவிக்கிறான், அவர் பையைச் சாய்க்கிறார். முகம் மட்டும் தெரியவில்லை. எவ்வளவு தூரம் கூடவே நடந்தாலும் அவர் குனிந்தே போனார். கடைக்கு வந்த ஒருவர் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

முகம் தெரியாததற்குக் காரணம் இருந்தது. பதவிக்கும் படைப்பிரிவுக்கும் நடுவில், பெயர் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. சாவியைத் திருகும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கிற இடம் அதுதான். லாரிக்காரர் எத்தனை வருடம் பிடித்தாரோ, மகள் எத்தனை வருடமோ. பென்சிலை எப்படிச் சாய்த்தாலும் காகிதத்தில் சாம்பல்தான் படிந்தது, எழுத்து வரவில்லை. முதலில் அவருக்குக் கோபம் வந்தது. இப்படி ஒன்றை இப்படியா வைத்துக்கொள்வார்கள் என்று மனசு பொருமியது. தன் தட்டில் இருந்திருந்தால் ஓர் எழுத்துக்கூடத் தேய்ந்திருக்காது.

அந்தக் கோபம் இருந்த நேரம் பார்த்து மைத்துனன் வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. வில்லையை ஒரு மணி நேரம் இரவல் வாங்கிக்கொண்டு போனவன், மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு இரண்டு வில்லைகளோடு திரும்பினான். தெரிந்த வார்ப்புப் பட்டறையில் அச்சு எடுத்து ஊற்றி, சாயம் ஏற்றி, துளையும் போட்டிருந்தான்.

"மாமா, அவங்களுக்கு வேண்டியது சாவியில தொங்குற ஒரு வில்லை. உங்களுக்கு வேண்டியது இது. ஆளுக்கு ஒண்ணு. யாருக்கு நஷ்டம் சொல்லுங்க" என்றான்.

அவன் போன பிறகு இரண்டையும் ஜன்னல் விளிம்பில் வைத்துப் பார்த்தார். நிறத்தில் குறை சொல்ல முடியாது. எடையும் ஏறக்குறைய ஒன்றே. வீட்டுச் சாவிக்கொத்தில் ஒன்றை மாட்டிக் குலுக்கினார். கழற்றிவிட்டு மற்றதை மாட்டிக் குலுக்கினார். அசல் வேறு மாதிரி ஒலிப்பதாகத்தான் அவருக்குப் பட்டது. மனைவியைக் கூப்பிட்டுக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டையும் குலுக்கிக் கேட்கவைத்தார். அவள் திரைச்சீலையில் குத்திய ஊசியை எடுக்காமலே கேட்டாள்.

"ரெண்டும் ஒரே சத்தம்தாங்க."

"நல்லா கேளு."

"நல்லாத்தான் கேட்டேன். அந்தம்மாவுக்கும் ஒரே மாதிரிதான் கேட்கும். கண்டுபிடிக்கவே மாட்டாங்க. அதைத் தெரிஞ்சுக்கத்தானே கூப்பிட்டீங்க?" என்றாள். குரலில் கடுமை இல்லை. ஊசியை இழுத்து நூலைக் கடித்தாள். பிறகு, "உங்களுக்கு எது எதுன்னு தெரியுமில்ல" என்று மட்டும் கேட்டுவிட்டு மறுபடி தைக்க ஆரம்பித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தட்டை எடுத்தார். பதினைந்தாவது குழியில் அசல் வெண்கலத்தை வைத்தார். நிறைந்த தட்டைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை வருடக் கனவு. பார்த்துக்கொண்டே இருந்தார். மலைப்பாதை வரவில்லை. மணல்மேடு வரவில்லை. ஒன்பதாம் பதக்கத்தைக் கையில் எடுத்தார், அவனும் எங்கேயும் புறப்படவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன, அவ்வளவுதான் தெரிந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டால் தட்டின்மேல் துண்டைப் போட்டு மூடினார். ஒரு மத்தியானம் முழுக்கத் தன் சொந்த வீட்டில் திருடன்போல உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் வெண்கலத்தை எடுத்துக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வார்த்த வில்லையைக் குப்பையில் போட மனசு வரவில்லை. மனைவி அதைத் திரைச்சீலைக் கயிற்றில் கனத்துக்குக் கட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை டிரைவரம்மா வந்தார். புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் தன் உள்ளங்கையைப் பார்த்தார். கோடெல்லாம் தெரிகிறது என்றார். மேஜர் வில்லையை மேஜைமேல் வைத்தார்.

"சுத்தம் பண்ணவே இல்லையே சார்" என்றார் அந்தம்மா.

"இல்லம்மா. பொய் சொல்லித்தான் வாங்கினேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பென்சில் தடவிய காகிதங்களை வரிசையாகப் பரப்பி, எண்ணையும் பதவியையும் படைப்பிரிவையும் விரல் வைத்துப் படித்துக்காட்டினார். இது எவ்வளவு அரிது என்பதையும் மறைக்கவில்லை. விற்றால் யாரெல்லாம் வாங்குவார்கள் என்பதைக்கூடச் சொன்னார். வார்ப்புப் பட்டறை விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கடைசியில் டிரைவரம்மா வில்லையைக் கையில் எடுத்து, புதுக் கண்ணாடி வழியாக விளிம்பை முதல்முறையாகப் பார்த்தார். கட்டைவிரல் தானாக அந்த வழவழப்பில் போய் உட்கார்ந்தது.

"இந்த இடத்துலதான் பேரு இருந்துச்சா?"

"ஆமாம்மா."

"எங்கப்பாவும் நானும் அழிச்சிட்டோம்னு சொல்லுங்க." விரலை எடுக்காமலே கேட்டார்: "உங்களுக்கு இது வேணுமா சார்?"

வேண்டாம் என்று சொல்வதுதான் மரியாதை. அன்றைக்கு இன்னொரு பொய் சொல்ல அவரால் முடியவில்லை. "வேணும்" என்றார்.

"தரமாட்டேன். உண்மையைச் சொல்றீங்களான்னு பார்த்தேன்" என்று டிரைவரம்மா சிரித்தார். மேஜருக்கும் சிரிப்பு வந்தது; கண்ணிலும் ஏதோ வந்தது. ஆறு நாளாக வண்டி ஓட்டியதே தனக்கு ஓட்டிய மாதிரி இல்லை என்று அந்தம்மா சொன்னார். பள்ளத்தில் இறங்கும்போது சாவியில் அது தட்டுகிற சத்தம் கேட்டால்தான் கை நிதானத்துக்கு வருமாம். மிச்சமிருக்கும் எழுத்தையாவது காப்பாற்றலாம், விளிம்பைச் சுற்றி லென்ஸ் பிளாஸ்டிக்கில் மெல்லிசாக ஒரு வளையம் செய்து தருகிறேன் என்று மேஜர் கெஞ்சிப் பார்த்தார். சத்தம் மாறிவிடும் என்று அந்தம்மா அதற்கும் ஒப்பவில்லை.

வாசல்வரை போனவர் திரும்பினார். "பார்க்கணும்னா வாங்க சார். காலையில ஏழேகால் வண்டி. என் சீட்டுக்குப் பின்னாடி சீட்டு எப்பவும் காலியாத்தான் இருக்கும். இன்ஜின் சூடுன்னு யாரும் உட்காரமாட்டாங்க."

மறுநாள் காலை அவர் போனார். கடைக்கு நடந்தே போய்க்கொண்டிருந்த மனிதர், அதற்குப் பிறகு ஒன்பது வருடம் ஏழேகால் வண்டியில் போனார். அந்தச் சீட்டிலிருந்து பார்த்தால் திருகிய சாவிக்குக் கீழே வெண்கலம் ஆடுவது தெரியும். முதல் வாரத்திலேயே மலைப்பாதை திரும்ப வந்துவிட்டது. வண்டி குலுங்கும்போது கழுதைகளின் நடை. பாலத்தில் ஏறும்போது ஏற்றம். கடைசியில் தோல் பையோடு அவர். முகம் அப்போதும் தெரியவில்லைதான். தெரிய வேண்டும் என்ற தவிப்பு மட்டும் எப்போது போனதென்று மேஜருக்கே தெரியாது. பதக்கங்களைப் பற்றி எழுதிவைக்கும் நோட்டுப் புத்தகத்தில் பதினைந்தாம் எண் போட்டு, இருக்கும் இடம் என்ற கட்டத்தில் பேருந்தின் தடம் எண்ணை எழுதினார். மைத்துனன் அதைப் பார்த்துவிட்டு, மேஜருக்கு ஓய்வு கொடுக்க வேண்டிய வயது வந்துவிட்டது என்றான்.

மனைவி ஒருநாள் முழங்கால் வலிக்கு மருத்துவமனைக்குப் போக அவரோடு அதே வண்டியில் வந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. டிரைவரம்மா இன்ஜினை அணைத்தார். வெண்கலம் இரண்டு ஆட்டம் ஆடி நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. மனைவி அதை வெகுநேரம் பார்த்தாள். இதற்காகவா நாலு நாள் சோறு தண்ணி இல்லாமல் இருந்தீர்கள் என்று கேட்பாள் என அவர் எதிர்பார்த்தார். அவள் கேட்கவில்லை. முன்னால் சாய்ந்து டிரைவரம்மாவிடம், கண்ணாடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, காதில் உறுத்துகிறதா என்று விசாரித்தாள். இரண்டு பெண்களும் கேட் திறக்கும்வரை முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

வருடங்கள் போயின. மேஜர் கடையை விட்டு ஓய்வு பெற்றார். இறங்குவதற்கு இடம் இல்லாவிட்டாலும் வாரத்தில் இரண்டு நாள் வண்டி ஏறி, கடைசி நிறுத்தம்வரை போய் அதே வண்டியில் திரும்புகிறார். வெண்கலம் இன்னும் தேய்கிறது. எண்ணில் இருந்த இரண்டு இப்போது வளைந்த ஒரு கீறல்தான். டிரைவரம்மாவுக்கும் அடுத்த வருடம் பணி முடிகிறது. அவர் மகளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சாவி வளையத்தை என்ன செய்யப்போகிறீர்கள் என்று மேஜர் இன்றுவரை கேட்டதில்லை. அந்தம்மாவும் சொன்னதில்லை. வண்டி பாலத்தில் ஏறுகிறபோது கீழே ஆறு அகலமாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். மேஜர் ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.